மூச்சு முட்டும் கணம்

படகின் ஓரத்தில் தொங்கும் கல் 15 கிலோவுக்கு மேல் இருக்கும். அடி பருத்து மேலே குறுகிய கருங்கல். குறுகிய முனையில் ஒரு துளை, துளையில் ஒரு கயிறு. குளியாளி அந்தக் கயிற்றை வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொள்கிறார். இடது கால் விரல்களில் சிப்பி அள்ளும் வலைப்பை. வலது கையில் இன்னொரு கயிறு. அதன் மறுமுனை படகில் நிற்பவரிடம். இடது கை மூக்கைப் பொத்துகிறது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. கல் விடுபடுகிறது.

சில நொடிகளில் அவர் ஏழெட்டுப் பாகம் ஆழத்தில், கடலின் தரையில். கால் தட்டியதும் கல்லை உதறுகிறார். மேலிருப்பவர் அதை இழுத்துக்கொள்கிறார். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தரையை ஒட்டித் தவழ்ந்தபடி, கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பிய்த்துப் பிய்த்துப் போடுகிறார். திடீரென்று கை நின்றுவிடுகிறது. கயிறு ஒருமுறை வெட்டி இழுபடுகிறது. படகிலிருப்பவர் கை மாற்றிக் கை மாற்றி ஆளை மேலே கொண்டுவருகிறார்.

கை நின்ற அந்தக் கணத்தில்தான் தொழிலின் சூட்சுமம் இருந்தது. முந்தினால் பையில் பாதிச் சிப்பி. பிந்தினால் ஆளே இல்லை. இடுப்பில் கட்டிய துணியைத் தவிர உடம்பில் ஒன்றுமில்லாத மனிதரிடம் கடிகாரம் ஏது? மன்னார் வளைகுடாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் முத்தெடுத்தவர்கள் அத்தனை பேரும், உடல் உள்ளிருந்து கொடுத்த ஒரு குரலை நம்பித்தான் இறங்கி ஏறினார்கள். அந்தக் குரல் எதைப் பற்றியது, எப்போது பேசும், எப்போது வாயை மூடிக்கொள்ளும் என்பதெல்லாம் கரையில் இருந்தவர்களுக்கு விளங்கியது 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான்.

ஒரு கல், இரண்டு மூச்சு

முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். முத்தெடுப்புக்குச் 'சலாபம்' என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்திலும், எதிரே இலங்கையின் வடமேற்குக் கரையிலும் இப்படிப் பல பார்கள் இருக்கின்றன. பாண்டியரின் கொற்கை முத்து சங்கப் பாடல்களில் வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக்குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று எழுதிவைத்திருக்கிறது. அரசனின் கழுத்துக்குப் போகும் பொருளை எடுக்கச் சிறைவாசியை இறக்கினார்கள் என்றால், அந்த வேலையின் ஆபத்து அப்போதே ஊரறிந்த விஷயம்.

பின்னாளில் இது பரதவரின் பரம்பரைத் தொழிலாகவும், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்களின் தொழிலாகவும் நிலைத்தது. போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1530களில் பரதவர் கூட்டங்கூட்டமாகக் கிறித்தவர் ஆனார்கள். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அதன்பின் ஆங்கிலேயர். கொடிகள் மாறின, பங்கு கேட்பவர்கள் மாறினார்கள். கல்லும் கயிறும் மாறவில்லை.

சலாபத்தில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பதைக்கூடக் கற்களின் எண்ணிக்கையில்தான் கணக்கிட்டார்கள். மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், இராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை கல், சாதித் தலைவர்களுக்கு இத்தனை கல் என்று. ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே இளைப்பாறுவார். பத்துக் குளியாளிகள் போகும் படகில் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் தண்ணீருக்குள். ஆக, அரசர்களும் ஜமீன்களும் 'கல்' என்று எழுதி வாங்கிக்கொண்டது, பிரித்துப் பார்த்தால், இரண்டு மனிதர்கள் மாறிமாறி அடக்கிய மூச்சை.

மூச்சை அடக்குவது யோகிகளின் வித்தை என்று உள்நாட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடற்கரையில் அது கூலி வேலை.

ஆறு நிமிடக் கதையும் ஒரு நிமிட உண்மையும்

குளியாளிகள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்கள்? பார்க்க வந்த வெளிநாட்டார் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி இது. படகில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் போனவர் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு நிமிடம் மூன்று நிமிடமாகத் தெரியும். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ராபர்ட் பெர்சிவல், சாதாரணமாக இரண்டு நிமிடம் இருப்பார்கள், சிலர் நான்கைந்து நிமிடமும் இருப்பார்கள் என்று எழுதினார். 1797இல் அஞ்செங்கோவிலிருந்து வந்த ஒருவர் முழுதாக ஆறு நிமிடம் இருந்தாராம். பின்னாளில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் இதைக் குறைத்துவிட்டார்கள்: ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின். ஒன்றரை நிமிடம் என்றால் அபூர்வம்.

அந்த ஒரு நிமிடத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். பெர்சிவல் தரும் இன்னொரு கணக்கு: ஒருவர் ஒரே நாளில் 40, 50 முறைகூட மூழ்கினார். மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீர் ஒழுகும், சில சமயம் இரத்தமும் வரும் என்கிறார். பத்து மீட்டர் ஆழத்தில் உடலின்மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். காதுச் சவ்வு உள்நோக்கி வளைந்து வலிக்கும். அந்த வலியைப் பொருட்படுத்தாமல் இறங்கினால் கிழியும். காது சொல்வதைக் கேட்டு, மூக்கைப் பொத்தி உள்ளிருந்து காற்றை உந்திச் சமன்செய்ய வேண்டும். பாரசீக வளைகுடாவிலிருந்து சலாபத்துக்கு வந்த அரபுக் குளியாளிகள் கொம்பில் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொண்டார்கள். நம் ஆட்களுக்கு விரல்கள் போதும்.

மூச்சடக்குவதற்கென்று ஒரு வரிசை உண்டு. வீட்டில் உட்கார்ந்து செய்துபார்த்தாலே தெரியும். முதலில் ஒரு அமைதி; ஒன்றும் தோன்றாது. கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் ஏதோ உருளுகிறது, விழுங்க வேண்டும்போல் இருக்கிறது. பிறகு நெஞ்சில் இறுக்கம். கடைசியாக, நாம் கேட்காமலே வயிறு உந்தத் தொடங்குகிறது. விலாவுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் தானாகத் துடிக்கிறது. பழக்கமில்லாதவர் தொண்டை உருளும்போதே பதறி வாயைத் திறந்துவிடுவார். குளியாளிக்கு அது வெறும் முதல் மணி. அதற்குப் பின்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று உடம்புக்குத்தான் தெரியும். முதல் மணிக்குப் பதறாமலும் கடைசி மணியைத் தவறவிடாமலும் இருக்கும் பழக்கத்தைச் சிறுவர்கள் புத்தகத்தில் படித்து வாங்க முடியாது. கரையோரத்தில் முங்கி முங்கித்தான் வாங்க வேண்டும்.

மச்சான் பிடித்த கயிறு

ஒருவரின் உடம்பை மட்டும் நம்பி யாரும் இறங்கவில்லை. மேலே ஒருவர் இருந்தார். ஆங்கிலேயரின் குறிப்புகள் 'முண்டக்' என்று பெயர் சொல்லும் கயிறு பிடிப்பவர். அவருடைய உள்ளங்கைதான் குளியாளியின் இரண்டாவது காது. கீழிருந்து சுண்டினால் இழுக்க வேண்டும். சுண்ட வேண்டிய நேரம் கடந்தும் சுண்டாவிட்டால், கேட்காமலே இழுக்க வேண்டும். அந்த நேரத்தையும் அவர் கடிகாரம் பார்த்துச் சொல்வதில்லை. இந்த ஆளின் மூச்சு எவ்வளவு, காலையில் எவ்வளவு இருந்தது, முப்பதாவது முழுக்கில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அவர் கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

கயிற்றை மச்சானிடம்தான் கொடுக்க வேண்டும் என்று தென் கடற்கரையில் சொல்வதுண்டு. கூடப்பிறந்தவனிடம் கொடுத்தால் சொத்துக்கு ஆசைப்பட்டு விட்டுவிடுவானாம். மனைவியின் தம்பி என்றால், அக்காள் தாலி அறுப்பதைப் பார்க்கச் சகிக்கமாட்டான், விடாமல் இழுப்பான். மலைத்தேன் எடுப்பவர்களைப் பற்றியும் இதே கதை உண்டு. உயிரைக் கயிற்றில் தொங்கவிட்ட இரண்டு தொழில்களும் ஒரே உறவை நம்பியிருக்கின்றன.

மூன்றாவது ஆள் ஒருவரும் இருந்தார்: கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, குளிப்பில் கிடைப்பதில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரம் போடுபவர்களுக்கு இருபதில் ஒன்று என்று கணக்குச் சொல்கிறார். அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான் செல்லுமாம். இருட்டியதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், இரவில் திருட்டுத்தனமாக யாரும் இறங்கக் கூடாதல்லவா! ஏறத்தாழ 560 ஆண்டு கழித்து, 1859இல், ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தம் இலங்கை நூலை வெளியிட்டபோதும் கடல்கட்டி இருந்தார். பரம்பரை உரிமை, அப்போதைய குடும்பத் தலைவர் கத்தோலிக்கர். மந்திரத்தின் பலிதத்துக்கு மதம் ஒரு பொருட்டாக யாருக்கும் படவில்லை என்கிறார் டெனன்ட்.

கடல்கட்டி கரையில் இல்லையென்றால் குளியாளிகள் இறங்க மறுத்ததுண்டு. அதிகாரிகள் இதை மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள், ஆனால் சம்பளம் கொடுத்தார்கள். மந்திரம் சுறாவை என்ன செய்ததோ, குளியாளியின் நெஞ்சை அமைதிப்படுத்தியது. பயந்த உடம்பு பிராணவாயுவை வேகமாகச் செலவழிக்கும். இதயம் படபடத்தால் ஒரு நிமிட மூச்சு அரை நிமிடத்தில் தீரும். உள்ளே வரும் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் வெளியே உள்ள சத்தத்தை யாராவது அடக்கியாக வேண்டும்.

மரிச்சுக்கட்டி, 1905

இலங்கையின் பார்களில் 1891க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் முத்தெடுப்பே நடக்கவில்லை. 1903இல் மீண்டும் தொடங்கியது. 1905இல் வந்ததைப்போல் ஒரு சலாபம் அதற்கு முன்னும் பின்னும் வரவில்லை: 8 கோடிக்கு மேல் சிப்பி. மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியின் வெறும் மணலில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரம் முளைத்தது. நீதிமன்றம், மருத்துவமனை, சிறை, கடைத்தெரு எல்லாம் உண்டு. இரண்டு மாதம் இருந்துவிட்டுக் காணாமல் போகும் நகரம்.

நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் கிளம்பும். விடிந்ததும் முழுக்கு தொடங்கும். நண்பகலில் பீரங்கி வெடித்தால் நிறுத்தம். கடற்காற்றில் பாய் விரித்துத் திரும்பும். கரையில் 'கொட்டு' என்ற வேலி அடைப்புக்குள் ஒவ்வொரு குழுவும் தன் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரித்துவைக்க வேண்டும். அதிகாரி வந்து இரண்டைக் காட்டுவார், அவை அரசுக்கு. மிச்சம் ஒன்றுதான் குளியாளிகளுக்கு. எந்தக் குவியலை அதிகாரி விட்டுவைப்பார் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகவே வைப்பார்கள். அடுத்த ஆண்டுச் சலாபத்தில் இந்தக் கொட்டில் அதிகாரியாக நின்று குவியல்களைப் பிரித்தவர்களில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளரான லெனார்டு வுல்ஃப். அவர் தம் தன்வரலாற்றிலும் 'முத்துகளும் பன்றிகளும்' என்ற பொருள்படும் சிறுகதையிலும் இந்தக் கரையை எழுதியிருக்கிறார். வெயிலில் அழுகவிட்ட சிப்பியின் நாற்றமும் ஈக்களும் அவரை விட்டுப் போகவேயில்லை.

மூன்றில் ஒரு பங்கு என்பது குளியாளியின் மூச்சுக்குள்ளும் புகுந்தது. எடுத்த சிப்பியில் இரண்டு போய் ஒன்றுதான் தனக்கு என்று தெரிந்தவர், அடிவயிறு உந்தத் தொடங்கிய பிறகும் இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிவிட்டுச் சுண்டலாம் என்று நினைப்பார். உடம்பின் குரலோடு போட்டியிட்டது பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பல வீடுகளில் அதற்குப் பெயர் கடன்.

இதே 1905இல், கடலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அந்தக் குரலின் முகவரியைக் கண்டுபிடித்தார். ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த உடலியலாளர். தம்மையே சோதனைப் பொருளாக வைத்துக்கொள்பவர். ஒரு நீண்ட ரப்பர் குழாயில் மூச்சை அடி வரை ஊதி, கடைசியாக வந்த காற்றை மட்டும் பிடித்து அளப்பதுதான் அவருடைய உத்தி. அது நுரையீரலின் ஆழத்தில் இருந்த காற்று. ஜே. ஜி. பிரீஸ்ட்லியுடன் சேர்ந்து, பென் நெவிஸ் மலையுச்சியிலும், கார்ன்வாலின் டோல்கோத் சுரங்கத்தின் அடியிலும், அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய அறையிலும் இதை அளந்துபார்த்தார். இடத்துக்கு இடம் பிராணவாயுவின் அளவு மாறியது. கரியமில வாயுவின் அழுத்தம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது. உடல் காவல் காத்தது கரியமில வாயுவைத்தான். அது கொஞ்சம் ஏறினாலும் மூளையின் அடித்தண்டு மூச்சை விரட்டுகிறது.

நமக்கு 'மூச்சு முட்டுகிறது' என்று தோன்றும்போது, பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். உடல் அதைச் சொல்லவில்லை. அடுப்பில் விறகு தீர்வதைச் சொல்லாமல், வீட்டில் புகை சேர்வதைச் சொல்கிற வேலையாள் அது. வழக்கமாக இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் பிசகு வருவதில்லை. விறகு தீர்வதற்குள் புகை நிறைந்து கண் எரிந்துவிடும். கொற்கை முதல் மரிச்சுக்கட்டி வரை குளியாளிகளைக் காப்பாற்றியது இந்தப் புகைக்கணக்குதான்.

ஹால்டேனுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். நிலக்கரிச் சுரங்க விபத்துகளில் இறந்தவர்களை 1890களில் ஆராய்ந்தவர் அவர். வெடிப்பால் இறந்தவர்களைவிடக் கார்பன் மோனாக்சைடை நுகர்ந்து இறந்தவர்கள் அதிகம் என்று கண்டார். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, மூச்சும் முட்டாது. அதை அறிவிக்க மனித உடலில் மணியே இல்லை. அதனால்தான் கூண்டில் ஒரு சிறு பறவையைக் கொண்டுபோகச் சொன்னார். மனிதனைவிட முன்னதாகக் கேனரிக் குருவி சாயும். உடம்பு பேசாத இடத்தில் குருவியின் உடம்பைக் கடன் வாங்கினார்கள்.

மணி அடிக்காத மரணம்

அப்படியென்றால் அந்தப் புகைக்கணக்கை ஏமாற்ற முடியுமா? முடியும். அது சுலபமும்கூட. மூழ்குவதற்கு முன்னால் வேகவேகமாகப் பத்து இருபது முறை ஆழ்ந்து மூச்சுவிட்டால் இரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். பிராணவாயு அதனால் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் மணி அடிக்கும் நேரம் தள்ளிப்போகும். ஆழத்தில் இருக்கும்போது அழுத்தத்தால் பிராணவாயு போதுமானதாகவே தோன்றும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, கடைசி சில மீட்டரில் சட்டென்று சரியும். வெளிச்சம் தெரியும் தூரத்தில் ஆள் நினைவிழப்பார். முன்னறிவிப்பாக ஒரு திணறலும் இருக்காது.

அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிரெய்க் நீச்சல் குளங்களில் இப்படி நினைவிழந்த நீச்சல்காரர்களைப் பற்றி 1961இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நீருக்கடியில் யார் அதிகத் தூரம் போவது என்ற போட்டியில், வேகமூச்சு எடுத்துவிட்டுக் குதித்தவர்கள். திணறல் தெரியவில்லை, ஏதோ கனவுபோல் இருந்தது என்பதுதான் பிழைத்தவர்களின் அனுபவம். பசிபிக் கடலில் துவாமோட்டுத் தீவுகளின் முத்துக்குளியாளிகளுக்கு வரும் மயக்கத்துக்கும் பக்கவாதத்துக்கும் அவர்கள் மொழியில் 'தாரவனா' என்று ஒரு பெயரே இருக்கிறது. அதே ஆழத்தில் மூழ்கும் மங்காரேவா தீவுக்காரர்களுக்கு அந்த நோய் வருவதில்லை. ஒரு முழுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே அவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுக்கிறார்கள்.

கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்கள் ஹேன்யோக்கள். 2016இல் யுனெஸ்கோ இவர்களின் மரபைப் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. மேலே வந்ததும் அவர்கள் விடும் மூச்சு சீழ்க்கைபோல் ஒலிக்கும். தன் மூச்சின் எல்லையைத் தாண்டி இன்னும் ஒரு சிப்பிக்குக் கை நீட்டும்போது நீருக்குள் இழுத்துவிடும் மூச்சுக்கு 'முல்சும்' என்று பெயர். நீர்மூச்சு என்று பொருள். அதை இரண்டாவது முறை இழுத்தவர் கிடையாது. மன்னாரின் கல்லும் கயிறும் இல்லாத ஊரில், அதே ஒரு கணத்துக்காக ஒரு தனிச்சொல்லை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

கயிறு போய்க் குழாய் வந்தது

1906இல் இலங்கை அரசு தன் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் நிறுவனத்திடம் விட்டது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகை. 1907க்குப் பின் பல ஆண்டுகள் அந்தப் பார்களில் சிப்பி இல்லை, நிறுவனம் நொடித்துப்போனது. தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. 1961தான் கடைசி. கிரெய்க்கின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டு. அதன்பின் பார்கள் தேறவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி முத்தை வளர்ப்பு முறையில் உருவாக்கிக் காட்டினார். முத்துக்காக மூச்சடக்க வேண்டிய தேவை அதோடு போயிற்று.

சங்கு மிஞ்சியது. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்காகத் தூத்துக்குடிச் சங்கு நூற்றாண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறது. முத்துக்குளித்த குடும்பங்கள் சலாபம் இல்லாத காலத்தில் எடுத்ததும் சங்குதான். அதுவும் முன்பு ஒரு மூச்சு வேலை. பிறகு கம்ப்ரசர் வந்தது. படகில் ஒரு காற்றழுத்தி, அதிலிருந்து நீளமான குழாய், குழாயின் முனை குளியாளியின் பல்லுக்கிடையில். ஒரு நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. ஆழமும் கூடியது.

தொழிலின் பழைய அறிவெல்லாம் இங்கே ஒரே நாளில் செல்லாக்காசாயிற்று. மூச்சு தடையில்லாமல் வருவதால் கரியமில வாயு சேர்வதில்லை, மணி அடிப்பதில்லை. ஆனால் அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே இருக்கிறது. ஆழத்தில் இருக்கும்வரை அதனால் வலியில்லை. வேகமாக மேலே வந்தால், சோடா புட்டியைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழியிடும். மூட்டு வலி, தோல் அரிப்பு, கால் மரத்தல், சிலருக்கு இடுப்புக்குக் கீழ் ஒன்றுமே விளங்காமல் போதல். உடல் அப்போது பேசத்தான் செய்கிறது. ஆனால் பேசுவது படகில் ஏறி உட்கார்ந்த பிறகு. காற்றழுத்தி இழுக்கும் காற்றில் எஞ்சின் புகை கலந்துவிட்டால், ஹால்டேனின் குருவி இல்லாத சுரங்கமாகிவிடும் அந்தக் குழாய்.

இதற்கும் மருந்து சொன்னவர் ஹால்டேன்தான். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, பாய்காட், டாமன்ட் இருவரோடும் சேர்ந்து 1908இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். இன்ன ஆழத்தில் இவ்வளவு நேரம் இருந்தால், மேலே வரும்போது இன்னின்ன ஆழங்களில் இவ்வளவு நேரம் நின்று நின்று வர வேண்டும். உலகம் முழுதும் ஆழ்கடலில் இறங்குபவர்களுக்கு இந்தக் கணக்கின் வாரிசுகள்தான் வழிகாட்டி. கம்ப்ரசர் பல சிறு துறைகளுக்கு வந்துசேர்ந்தபோது அட்டவணை கூடவே வரவில்லை. அப்பன் காலத்தில் மூச்சு முட்டினால் ஏறினார்கள். மகனுக்கு முட்டவில்லை, எனவே ஏறவில்லை.

மூச்சடக்கி மூழ்கும் வேலை இந்தக் கரையில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், திருப்புல்லாணிப் பக்கத்துப் பெண்கள் கடற்பாசி எடுக்கிறார்கள். அகர் தயாரிக்கப் பயன்படும் பாசி. மரிக்கொழுந்துப் பாசி அதில் விலை கூடியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு, இவர்களுக்கும் வனத்துறைக்கும் இடையே நெடுங்காலம் இழுபறி. தங்களுக்குள் பேசி, மாதத்தில் குறிப்பிட்ட நாள்கள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு அந்த முயற்சிக்காக 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது.

கல் இல்லை, கால் உந்தித்தான் இறங்க வேண்டும். கயிறும் இல்லை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச் சுற்று. இடுப்பில் வலைப்பை, சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டை. குழுவாகத்தான் போகிறார்கள். ஒரு தலை உள்ளே போகிறது; பாறையில் பாசி பிடுங்கும் கை கொஞ்ச நேரம் தெரிகிறது; பிறகு அதுவும் கலங்கலில் மறைகிறது. பக்கத்தில் மிதக்கும் இன்னொருத்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் துடைத்துக்கொள்கிறாள். அவள் மறுபடி அதைக் கண்ணில் இறக்குவதற்குள் முதல் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது, வாய் திறந்து, 'ஹா' என்று.